புயல் நிவாரணத்தில் மனநலம்: முகாமா, போனா, பணமா, ஊர்க்காரரா?

மாவட்டப் பருவநிலைத் திட்டத்துக்காக ஒரு கலந்தாய்வு நடந்தது. கஜா புயலின்போது ஊர் ஊராகச் சுற்றிய தொண்டு நிறுவன ஆட்கள் என்று எங்களில் சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, அப்புறம் ஒரு படிவம் வந்தது. அலையாத்திக் காடு, கடலரிப்பு, வாய்க்கால் தூர்வாருதல், வெள்ளம் தாங்கும் நெல் ரகம் என்று ஒவ்வொன்றுக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், ‘இதர’ என்பதற்குச் சற்று மேலே, ‘மனநலம்’ என்று ஒரு கட்டம். அதன் எதிரே: ‘பரிந்துரை, ஒன்று மட்டும்.’

அந்தக் கட்டம் இருந்ததே பெரிய விஷயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 95 நாடுகளிடம் கேட்டுப் பார்த்தபோது, சுகாதாரம் சார்ந்த பருவநிலைத் திட்டத்தில் மனநலத்தைச் சேர்த்திருந்தவை வெறும் 9. அப்படிப் பார்த்தால் எங்கள் மாவட்டப் படிவம் உலகத்துக்கே முன்னால் நின்றது. ஆனால் ஒன்று மட்டும் என்றால் எதை எழுதுவது? பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ‘கவுன்சிலிங் முகாம்’ என்று சட்டென்று எழுதிப் பேனாவை மூடிவிட்டார். எனக்குக் கை ஓடவில்லை.

அன்றைக்கு யோசித்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கம் நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகள் நான்கு: புயலுக்குப் பின் மனநல முகாம் போடுவது, தொலைபேசி உதவி எண், நிவாரணப் பணத்தைச் சீக்கிரம் கொடுப்பது, ஊருக்குள்ளேயே இருக்கும் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புவது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஐந்தாவது வழி. வேண்டியதுதான். ஆனால் லட்சம் பேருக்கு ஒருவர்கூடத் தேறாத நாட்டில் அடுத்த புயலுக்குள் அது நடக்காது என்பதால் அதை ஒதுக்கிவைக்கிறேன்.

கஜா 2018 நவம்பர் 16 அன்று, விடிவதற்கு முன்பே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று போகிற வழியெல்லாம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 1952 புயலைப் பார்த்த பெரியவர்களே ‘இது வேற மாதிரி’ என்றார்கள்.

பேராவூரணி பக்கம் சேதக் கணக்கு எடுக்கப் போனோம். ஒரு தோப்பில், அறுபது வயது இருக்கும், ஒருவர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். எத்தனை மரம் என்று கேட்டோம். “நூத்தி நாப்பத்தொண்ணு.” நிற்கிறது? “நாலு.” எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பத்து நாள் கழித்து அதே வழியாக வந்தபோதும் அவர் அதே மரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி எங்களைத் தனியே கூப்பிட்டார். “விடிஞ்சா இங்க வந்துடுறாருங்க. சோத்தக் கொண்டாந்து கையில குடுத்தாத்தான் உண்டு. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல.” எங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை. ‘குறிப்பு’ என்ற இடத்தில் ‘மிகுந்த கவலையில் உள்ளார்’ என்று எழுதிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தென்னங்கன்றை எங்கள் பக்கம் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். நட்டு, தண்ணீர் ஊற்றி, முதல் பாளை விடுவதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அறுபது வயதுக்காரர் மறுபடி பிள்ளை நட்டால் காய் பார்க்க எத்தனை வயதாகும் என்பது அவருக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஒரு நாளில் பத்து முறை போட்டுப் பார்த்திருப்பார்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். முதல் இரண்டு வாரம் ஊர் உடையவில்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லாரி லாரியாக அரிசியும் போர்வையும் வந்தன. பொதுச் சமையல் நடந்தது. ஆளாளுக்கு அரிவாளோடு சாலையில் கிடந்த மரத்தை வெட்டித் தள்ளினார்கள். அழுதவர்களும் சேர்ந்து அழுதார்கள். லாரிகள் நின்று, பொங்கல் தாண்டி, கடன்காரர்கள் வாசலுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு வீடாக அமைதியானது. அந்த அமைதி நல்ல அமைதி இல்லை. ஆகவே நான்கு வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளந்து பார்த்தேன்: ஆறாவது மாதம் இது இருக்குமா?

முகாம்

ஆசிரியர் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கவுன்சிலிங் குழு வந்தது. நல்ல பிள்ளைகள், சமூகப்பணி படிப்பவர்கள். கையில் இருபது கேள்விகள் கொண்ட தாள். ‘கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பெரும்பாலான நாட்கள்’ என்று ஒரு பெண்ணிடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கடைசி வரை பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: “தார்ப்பாய் இருக்காம்மா?” இல்லை என்றதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பேரிடரைக் கண்டவரை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைத்து, உணர்ச்சியைக் கொட்ட வைத்துவிட்டால் பிற்பாடு பாதிப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகளில் அது எடுபடவில்லை. சிலருக்கு நிலைமை மோசமானதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. முகாம்களில் தாராளமாகக் கொடுக்கப்படும் தூக்க மாத்திரை விஷயமும் அப்படித்தான். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், தூக்கம் வரவில்லை என்பதற்காக அந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று 2013-லேயே சொல்லிவிட்டார்கள்.

முகாமால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புயல் வேறு விதமாக வரும். எங்கள் வேலையின்போது ஒரு தாயைப் பார்த்தேன். மகனுக்கு இருபத்தைந்து வயது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை மாத்திரை வாங்குவார்கள். சாலை அடைத்துக் கிடக்கிறது, பஸ் இல்லை, மாத்திரை நான்கு நாளில் தீர்ந்துவிட்டது. ஆறாம் நாள் அவன் தூங்கவில்லை; எட்டாம் நாள் யாரோ தன்னைத் துரத்துவதாகச் சொல்லி ஓடத் தொடங்கினான். அந்தத் தாய் கேட்டது ஆறுதல் இல்லை. ஒரு காலி மாத்திரை அட்டையைக் காட்டி “இது கிடைக்குமா?” என்றுதான் எல்லாரிடமும் கேட்டார். வந்த முகாம்கள் எதிலும் அந்த மாத்திரை இல்லை. காய்ச்சல் மாத்திரையும் சத்து டானிக்கும்தான் இருந்தன. முகாம் போட்டே தீருவது என்றால் இந்த மாத்திரைப் பெட்டியோடு போடுங்கள். மற்றபடி ஆறாவது மாதம் அது எங்கும் இருக்காது. நான்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனதே, அப்படி ஒரே ராத்திரியில் குடும்பம் குடும்பமாக இழந்த இடத்துக்கு நிபுணர்கள் நேரில் போகத்தான் வேண்டும், போய் நாள்கணக்கில் தங்கத்தான் வேண்டும். ஆனால் அதை முகாம் என்று சொல்லக் கூடாது.

போன்

2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இயங்குகிறது. எண் 14416. காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மனசு தாங்கவில்லை என்றால், இதைப் படிக்கிறவர்கள் உட்பட, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். முகத்தைக் காட்ட வேண்டாம் என்பது இதன் பெரிய பலம். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து அழமாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டு போனில் அழுதாலும் அழுவார்கள்.

பலவீனமும் போனில்தான் இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டவர் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் வரிசையில் நின்று, காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றினோம். அதையும் மீறி எல்லாம் வேலை செய்தாலும், ‘எனக்குச் சரியில்லை, உதவி வேண்டும்’ என்று தானாக உணர்ந்து எண்ணை அழுத்துகிறவருக்குத்தான் இது உதவும். விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்தவர் அழுத்தியிருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை மனசுக்கு ஒன்றும் இல்லை, மரம்தான் போய்விட்டது.

நகரத்தில் கணக்கு மாறும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் சென்னையில் தண்ணீருக்கு நடுவே மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அங்கே ‘ஊர்க்காரர்’ என்று ஒருவரைத் தேடுவதைவிட போன் மேல். எப்படியும் இந்தச் சேவை ஏற்கெனவே நடக்கிறது. ரேஷன் கடைச் சுவரிலும் நிவாரண டோக்கனின் பின்பக்கத்திலும் எண்ணை அச்சடித்தால் போதும். ‘ஒன்று மட்டும்’ என்ற கட்டத்தை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பணம்

இங்கேதான் நான் அதிக நேரம் தடுமாறினேன்.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தியாவில் வெயிலுக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தது. ஆய்வாளர் டாம்மா கார்ல்டன். முப்பது ஆண்டுகளில் சுமார் 59,300 தற்கொலைகளுக்கு வெப்பநிலை உயர்வு காரணமாக இருந்திருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்டு மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கப்போவதில்லை. என்னை நிறுத்தியது வேறு. வெப்பம் கூடியதற்கும் தற்கொலை கூடியதற்குமான தொடர்பு பயிர் வளரும் பருவத்தில் மட்டும்தான் தெரிந்தது. பயிர் இல்லாத மாதங்களில் அதே வெயில் அடித்தும் தெரியவில்லை. அப்படியானால் வெயில் நேரே மண்டைக்குள் ஏறவில்லை, வயல் வழியாக, கடன் வழியாக ஏறுகிறது.

இந்தோனேசியாவில் இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் பணத் திட்டம் போய்ச் சேர்ந்த இடங்களில் தற்கொலை 18 சதவீதம் குறைந்தது. மழை பொய்த்து விளைச்சல் கெட்ட ஆண்டில் கூடும் தற்கொலையையும் அந்தப் பணம் தணித்தது. கவுன்சிலிங் என்ற பேச்சே அந்தத் திட்டத்தில் இல்லை.

வங்கதேசத்தில் 2020 ஜூலையில் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அங்குள்ள ஜமுனா ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே, குடும்பத்துக்கு 4,500 டாக்காவை மொபைல் வழியாக அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பணம் கிடைத்த குடும்பங்களில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் குறைவு. மூன்று மாதம் கழித்தும் அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிடத் தெம்பாகச் சொன்னார்கள். பெரிய தொகை இல்லை. சரியான நேரத்தில் வந்தது, அவ்வளவுதான்.

நம் கதையைப் பார்ப்போம். கஜாவுக்குப் பிறகு தென்னைக்கு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். ஒரு நல்ல மரம் வருடத்துக்கு நூறு காய் கொடுக்கும். காய் பத்து ரூபாய் என்று வைத்தாலே ஒரு வருடக் காய்ப்பணம் அது. காத்திருக்க வேண்டியதோ ஐந்தாறு வருடம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு என்று ஒன்றும் உண்டு. பிரீமியத்தில் விவசாயி கட்ட வேண்டியது கால்பங்குதான். எங்கள் பக்கம் அதை எடுத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புயலுக்கு முன்னால் யாரும் வந்து சொல்லவில்லை, புயலுக்குப் பின்னால் எல்லாரும் வந்து கேட்டார்கள்.

தொகையைவிடவும் அலைச்சல்தான் ஆளைக் கொன்றது. கணக்கெடுப்பில் மரம் விடுபட்டது, பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி கையெழுத்து வேண்டும், பாஸ்புக் நனைந்துபோனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு கூலி. இதற்கு நடுவே வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் சரியாகச் செவ்வாய்க்கிழமை வந்து குழுவில் உள்ள பெண்களை வட்டமாக உட்கார வைத்துவிடுவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு மயக்கம் வந்ததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து ‘ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்த மனநல சிகிச்சை ஆறு மாதத் தவணைத் தள்ளிவைப்பு. அதை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அப்படியானால் பணம் என்றே எழுதிவிடலாமே? அந்தக் கட்டத்தில் முதலில் அதைத்தான் எழுதினேன். பிறகு அடித்தேன்.

தோப்புக்காரருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்தத் தோப்பை நம்பி இருந்த மரமேறிக்கு? 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வருடம் முழுக்க வேலை இருந்தவருக்கு ஒரே நாளில் ஏற மரமில்லை. மட்டை உரித்தவர்கள், கீற்று முடைந்த பெண்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள் யாருடைய பெயரிலும் ஒரு மரமும் இல்லை. சேதப் பட்டியல் சொத்தை எண்ணுகிறது, பிழைப்பை எண்ணுவதில்லை. குஜராத்தில் சேவா அமைப்பு தன் உறுப்பினர்களான பெண் தொழிலாளர்களுக்கு வெயில் காப்பீடு எடுத்திருக்கிறது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால், சேதத்தை யாரும் வந்து பார்க்காமலே பணம் கணக்குக்குப் போகும். 2024 கோடையில் ஆளுக்கு 400 ரூபாய் போனது. 400 ரூபாயில் என்ன ஆகும் என்று சிரிக்கலாம். ஆனால் தாசில்தார் ஆபீஸ் படி ஏறாமல் வந்த 400 அது. இந்த வழியில் நம் புயல் நிவாரணமும் போனால் பட்டா இல்லாதவருக்கும் எட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த அறுபது வயதுக்காரருக்கு நிவாரணம் கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. கிடைத்த பிறகும் அவர் மரத்திலிருந்து எழுந்திருக்கவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். பணம் பலரைக் குழிக்குள் விழாமல் தடுக்கும். விழுந்துவிட்டவரை அது மட்டுமே தூக்கிவிடாது.

ஊர்க்காரர்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கஜாவின்போது இவர்கள் இல்லை. கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான் நான்கைந்து ஊருக்கும். இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாதம் ஒரு முறை நிற்கிற, சட்டென்று உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஒரு பெண் இருக்கிறார். எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை, யார் தோப்பிலேயே கிடக்கிறார் என்பது படிவம் இல்லாமலே அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் மனநல வேலை நடக்குமா? நடந்திருக்கிறது. விதர்பாவில், விவசாயிகள் தற்கொலைக்குப் பெயர் போன அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில், ‘விஷ்ராம்’ என்ற திட்டம் ஊர்க்காரர்களையே ஆலோசகர்களாக்கியது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏதாவது ஓர் உதவியை நாடியவர்கள் முன்பு 4.3 சதவீதம், திட்டத்துக்குப் பிறகு 27.2 சதவீதம். ஆறு மடங்கு. நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரத்தில், உறவுகளை இழந்தவர்களைப் பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்கள் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். தற்கொலைத் தடுப்பில் நீண்ட காலமாக இருக்கும் சினேகா அமைப்பின் முயற்சி அது. அப்படி யாரும் போகாத இன்னொரு மீனவக் குடியிருப்போடு ஒப்பிட்டபோது, இங்கே மனச்சோர்வு குறைந்திருந்தது. 1999 ஒடிசா புயலிலும் 2004 சுனாமியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் செய்ததும் பெரும்பாலும் இதுதான். அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், ஊர் இளைஞர்களைப் பயிற்றுவித்து அனுப்பியது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை நம்முடையது: “அவகிட்ட சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்.” ஒரே தெரு, ஒரே குழாயடி. அதிலும் எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவுக்குப் போய் உட்காருவார் என்ற சாதிக் கணக்கு வேறு. இதைப் பயிற்சியில் ஒரு மணி நேரம் பேசித் தீர்க்க முடியாது. ஊரில் குறைந்தது இருவர், வெவ்வேறு தெருவிலிருந்து என்று வைத்தால் கொஞ்சம் தாங்கும். இரண்டாவது, அவருக்குக் கொடுப்பது சொற்ப ஊக்கத்தொகை. மாத்திரை, பிரஷர் பார்ப்பது, பதிவு செய்வது, இப்போது மனசும் என்று ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாமே ஒரு டிக் அடிக்கிற வேலையாகிவிடும். மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. புயல் அவர் வீட்டுக் கூரையையும்தான் தூக்கிக்கொண்டு போகும். முதல் மாதம் அவரும் பாதிக்கப்பட்டவர். அந்த மாதம் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஆள் மாற்றி அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

இத்தனை குறைகளோடும் நான் இவரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ஆறாவது மாதம் அவர் அங்கே இருப்பார், அது ஒன்று. இன்னொன்று, புயலோடு முடியாத பருவநிலை ஒன்று இருக்கிறது: வெயில். வெயிலுக்கு லாரி வராது, முகாம் வராது, அமைச்சர் வரமாட்டார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லது. ஆனால் வெயிலில் யார் முதலில் சாகிறார்கள்? 2021 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள். நாள்பட்ட நோய்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆபத்தை மிக அதிகமாக்கிய நோய் இதயநோயோ சர்க்கரையோ இல்லை, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). அந்த நோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும்; உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் மட்டுப்படும். போதாததற்கு அவர்களில் பலர் தனியாக இருப்பவர்கள். ‘தண்ணி குடிச்சியா’ என்று கேட்க ஆள் இல்லாதவர்கள்.

அப்படியானால் மே மாதம் பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிற அதே பெண், மாத்திரை அட்டையோடு நின்ற அந்தத் தாயின் வீட்டிலும் நின்று, மாத்திரை இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறானா, தகரக் கூரைக்குக் கீழேயா படுக்கிறான் என்று கேட்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு மாத மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வங்கதேசத்தில் வெள்ளத்துக்கு முன்பே பணம் அனுப்பியதைப் போல. இதற்குப் புதிதாக ஒரு துறையைத் தொடங்க வேண்டாம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளோடு இவருடைய பட்டியலை இணைத்தால் போதும்.

காசு எங்கே என்று கேட்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு வகுத்த பேரிடர் நிதியில், நூற்றுக்கு 10 ரூபாய் முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று தனியாகவே பிரித்திருந்தது. சைரனும் ரப்பர் படகும் வாங்கியது போக, வருடத்துக்கு நான்கு நாள் பயிற்சிக்கும் கூடுதல் ஊக்கத்தொகைக்கும் அப்படிப்பட்ட பணத்தில் இடம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, “என்னங்க சாப்பிடலியாமே” என்று கேட்டுவிட்டு, “நிவாரணப் பட்டியல்ல உங்க பேர் வந்துருச்சா, பாக்குறேன்” என்று சொல்ல முடியாவிட்டால் அவரும் இருபது கேள்விக்காரராகிவிடுவார். தார்ப்பாய் கேட்ட அம்மா அவரிடமிருந்தும் எழுந்து போய்விடுவார். விடுபட்டவர்கள் பெயரை நேரே தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்பவும், இந்த வீட்டுத் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எழுதவும் அவருக்கு ஓர் அதிகாரம் வேண்டும். அவர் எழுதினால் பதினைந்து நாளுக்குள் பதில் வர வேண்டும்.

அதனால் கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு மனநலப் பயிற்சி; பேரிடருக்குப் பின் 1, 3, 6-ஆம் மாதங்களில் வீடு தேடிச் செல்லுதல்; நிவாரணத்தில் விடுபட்டவர்களைப் பரிந்துரைக்கும் அதிகாரம்.’ எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் ‘இதர’ வரைக்கும் இறங்கிவிட்டது.

படிவங்களை வாங்க வந்த இளநிலை உதவியாளர் நின்று வாசித்துப் பார்த்தார். “சார், ஒண்ணு மட்டும்னு போட்டிருக்கு. நீங்க ரெண்டு எழுதியிருக்கீங்க. வீட்டுக்குப் போறது ஹெல்த்து, நிவாரணம் ரெவின்யூ. எந்தப் பைல்ல வைக்கிறது?”

ரெண்டு இல்லைப்பா, ஒண்ணுதான் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இரண்டு கட்டுக்கும் நடுவே குறுக்காக வைத்துக்கொண்டு போனார்.